பலகை எந்தத் திசை பார்க்க வேண்டும்?

பனைமரங்கள் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் இருந்த காலம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, கதையைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் நெல்லிவயல் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய். ஊர் நடுவே ஒரு சபை மண்டபம். சபைக்குத் தலைவர் அம்பலக்காரர் சேவுகன்.

கண்மாயின் மடையைத் திறப்பதும் மூடுவதும் சடைச்சி என்ற பெண்ணின் வேலை. அவள் புருஷன் பார்த்த வேலை, அவன் இறந்த பிறகு அவளுக்கு வந்தது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவள் வீடு கரைக்கு நேர் கீழே இருந்தது. அதற்கும் கீழே மொத்த ஊரும் இருந்தது.

ஒரு நாள் காலையில் கரையின் வெளிச் சரிவில் ஓரிடம் ஈரமாக இருப்பதைச் சடைச்சி பார்த்தாள். உள்ளங்கை அகலம்தான். விரலால் தோண்டினாள், மண் சேறாக வந்தது. கண்மாய்த் தண்ணீர் கரைக்குள் வழி தேடுகிறது என்று புரிந்துவிட்டது. நேரே சபைக்கு ஓடினாள்.

அங்கேதான் சிக்கல். எடுத்த பேச்சை முடிக்காமல் அடுத்த பேச்சை எடுக்கக் கூடாது என்பது நெல்லிவயல் சபையின் கட்டுப்பாடு. முன்னொரு காலத்தில் அந்தச் சபை பத்து விஷயத்தைப் பேசி ஒன்றையும் முடிக்காமல் கலையுமாம். அதற்காக வைத்த கட்டுப்பாடு. நல்ல கட்டுப்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எடுத்திருந்த பேச்சு என்ன தெரியுமா? அம்பலக்காரர் உட்காருவதற்குப் புதிதாகச் செய்த வேங்கைமரப் பலகையை எந்தத் திசை பார்த்துப் போடுவது என்பதுதான்.

வடக்கே கோயில் இருக்கிறது, அதைப் பார்த்துப் போடு என்றது ஒரு கட்சி. மேற்கே பார்த்துப் போட்டால் கண்மாய்க் காற்று முகத்தில் அடிக்கும் என்றது இன்னொரு கட்சி. சூரியன் உதிக்கிற கிழக்கை விட்டால் வேறு திசை உண்டா என்றது மூன்றாவது கட்சி. நான்கு கால் வைத்த அந்தக் கனத்த பலகை மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அம்பலக்காரர் பழைய பாயிலேயே உட்கார்ந்து மூன்று கட்சிக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சடைச்சி வாயைத் திறந்ததும், பலகைப் பேச்சு முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் ஈரம் முறம் அகலத்துக்கு வந்தது. சடைச்சி மறுபடியும் போனாள். பலகைப் பேச்சு முடியவில்லை. கட்டுப்பாட்டை மீறி இன்னொரு தடவை குறுக்கே பேசினால் மடை வேலை வேறு ஆளுக்குப் போகும் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

மூன்றாம் வருஷம் ஈரம் பாய் அகலத்துக்கு வந்துவிட்டது. புரட்டாசி முடியப்போகிறது. கண்மாயில் முக்கால்வாசித் தண்ணீர். ஐப்பசி மழை வந்தால் கரை தாங்காது. சடைச்சிக்குக் கஞ்சி இறங்கவில்லை. பேசினால் வேலை போகும், பேசாவிட்டால் ஊரே போகும். ஒரு பகல் முழுக்க மடைக்கல்லில் உட்கார்ந்து யோசித்தாள். மறுநாள் காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு சபைக்குப் போனாள்.

அவளைப் பார்த்ததும் அம்பலக்காரரின் புருவம் ஏறியது. சடைச்சி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அய்யா, நான் கண்மாயப் பத்திப் பேச வரல. பலகையப் பத்திப் பேச வந்திருக்கேன்."

சபைக்கு ஒரே சந்தோஷம். மூன்று வருஷமாகப் பலகையைப் பற்றிப் புதிதாக யாரும் ஒன்றும் சொல்லவில்லையே! மண்டபத்துக்குள் அடைந்து கிடந்தால் திசையின் குணம் எப்படித் தெரியும், வெளியே மூன்று இடத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்றாள் அவள். மூன்று கட்சியும் ஒன்றுபோல ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

நான்கு பேர் பலகையைத் தூக்கினார்கள். ஊரே பின்னால் போனது. முதலில் கோயில் பாறைமேல் வடக்கே பார்த்துப் போட்டார்கள். அம்பலக்காரர் உட்கார்ந்ததும் ஒரு காற்று வந்து தலைப்பாகையைக் கொண்டுபோய் முள்ளில் மாட்டியது. அடுத்து நெற்களத்தில் மேற்கே பார்த்துப் போட்டார்கள். பறந்த தூசி மூக்கில் ஏறி, அவர் ஒன்பது தும்மல் போட்டார். கிழக்குக் கட்சிக்காரர்கள் மீசையை முறுக்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது இடத்தைச் சடைச்சிதான் காட்டினாள். கரையின் வெளிச் சரிவில், பாதி உயரத்தில் ஒரு சமதரை. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் மொத்த ஊரும் தெரியும். பலகையைப் போட்டார்கள். அம்பலக்காரர் பட்டுக்கரை வேட்டியைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார். இதுதான் இடம் என்று சொல்ல வாயெடுத்தார்.

பலகையின் கால்கள் மெதுவாகக் கீழே போயின. ஒரு விரற்கடை, ஒரு சாண், அப்புறம் பலகையே தரையோடு தரையாகிவிட்டது. அம்பலக்காரரின் வேட்டி பின்பக்கம் சொதசொதவென்று நனைந்தது. எழுந்திருக்கவும் முடியவில்லை, சிரிக்கிற கூட்டத்தை அதட்டவும் முடியவில்லை.

"என்ன புள்ள இது? இங்க ஏன் இம்புட்டு ஈரம்?"

சடைச்சி குனிந்த தலை நிமிரவில்லை. "அத எப்பிடிங்கய்யா நான் சொல்லுவேன்? பலகைப் பேச்சு இன்னும் முடியலையே."

கூட்டத்தின் சிரிப்பு நின்றது. அம்பலக்காரர் கீழே ஊன்றிய கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கச் சேறு. திரும்பிக் கரையைப் பார்த்தார், அதற்கு அந்தப் பக்கம் நிற்கிற தண்ணீரை நினைத்தார். முன்னால் பார்த்தார். சடைச்சியின் கூரை, அதற்குப் பின்னால் தன் வீடு, தன் பேரப்பிள்ளைகள் விளையாடுகிற வாசல். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

அப்போதும் கிழக்குக் கட்சியில் ஒருவர், திசையை முடிவு செய்துவிட்டு மற்றதைப் பேசலாமே, கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே என்று இழுத்தார்.

"பேச்சு முடியிறதுக்குள்ள ஊரு முடிஞ்சிரும்யா," என்றார் அம்பலக்காரர். "இனிமே நம்ம சபையில எத மொதல்ல பேசணுங்கிறதத்தான் மொதல்ல பேசணும். போய் மண்வெட்டிய எடுத்துட்டு வாங்க."

ஈரமண்ணை வெட்டி எடுத்தார்கள். களிமண் கொட்டி மிதித்தார்கள். கல் அடுக்கினார்கள். மூன்று கட்சிக்காரர்களும் ஒரே வரிசையில் நின்று கூடை மாற்றினார்கள். அம்பலக்காரர் நனைந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார். வேலை முடிந்த ஆறாம் நாள் மழை கொட்டியது. கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கலிங்கு வழியாக வழிந்தது. கரை அசையவில்லை. சடைச்சி மூன்று வருஷத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அதன் பிறகு நெல்லிவயல் சபையில் புதுக் கட்டுப்பாடு வந்தது. உயிருக்கு ஆபத்தானது முதலில், வயிற்றுக்கு வேண்டியது அடுத்து, அலங்காரம் கடைசியில். ஓடைப் பாலத்தைச் சரிசெய்தார்கள். உப்பாகிப்போன குடிநீர்க் கிணற்றை விட்டு வேறு கிணறு வெட்டினார்கள். பலகையின் முறை ஒவ்வொரு தடவையும் நெருங்கி வரும், அதற்குள் வேறொரு வேலை முன்னால் வந்துவிடும். அம்பலக்காரர் இன்னும் பாயில்தான் உட்காருகிறார், ஒரு குறையும் இல்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரிந்து செய்கிற ஊர்தான் பிழைக்கும்.