கணப்புக்குள் தண்ணீர்

மேல்மலைக் குளிர் சொன்னால் விளங்காது. வந்து நடுங்கிப் பார்க்க வேண்டும். அங்கே ஓர் ஆசிரமம். கூடத்தின் நடுவில் இரும்புக் கணப்பு அடுப்பு ஒன்று உண்டு. அந்த வருஷம் மழை விடாமல் பிடித்ததில் காய்ந்த விறகுக்குத் தட்டுப்பாடு.

மருதப்பன் கும்பகோணம் பக்கம் நெல் அவிக்கிற மில்லில் காலமெல்லாம் பாய்லர் ஓட்டியவர். ஒரே மகள் பூங்கொடி காய்ச்சலில் போன பிறகு இங்கே வந்து சேர்ந்தார். தியானத்தில் கண்ணை மூடினால் போதும், கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். அடக்கப் பார்த்தால் விம்மல் வெடிக்கும். மற்றவர்களுக்கு ஏன் இடைஞ்சல் என்று, பாவம், கதவோரக் குளிரில் போய் உட்காருவார்.

அன்று மத்தியானம் துணிப்பையோடு குருவின் முன்னால் வந்து நின்றார். குரு சௌந்தரி அம்மை அவரைவிட வயதில் ரொம்ப இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மாதான்.

"சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்பறேன்மா."

"ஏங்க ஐயா?"

"அழுகை நிக்க மாட்டேங்குது. பெத்த பாசம் விடலேன்னா இங்க எதுக்கு உக்காந்து சோறு தின்னுக்கிட்டு? இது எப்ப நிக்கும்னு சொல்லுங்க. நிக்காதுன்னா போயிடறேன்."

அம்மை அடுப்பைப் பார்த்தார். "நீராவி விட்டா கொஞ்ச விறகே நல்லா எரியும்னு ஒருநாள் சொன்னீங்களே. அதைச் செஞ்சு வெச்சிட்டுப் போங்களேன்."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று! என்ன செய்வது, குரு சொல்லாச்சே. மருதப்பன் ஓர் இரும்புக் கெண்டியை அடுப்பின் மேல் வைத்தார். அதன் மூக்கில் குழாயைப் பொருத்தி, வளைத்து, கங்குக்கு அடியில் கொண்டுபோனார். பாய்லர்காரருக்கு வாழ்நாள் பூரா ஒரே பயம்: தண்ணீர் குறைந்தால் வெடித்துவிடும். அந்தப் பழக்கத்தில் கெண்டியைக் கழுத்துவரை நிரப்பி மூடியை இறுக்கிவிட்டார்.

கொதி வந்ததும் தண்ணீர் பொங்கி அப்படியே குழாயில் இறங்கியது. உஸ்ஸென்று ஒரே சத்தம்! கங்கு அவிந்து கூடமெல்லாம் சாம்பலும் புகையும். உள்ளே இருந்தவர்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"தொலைஞ்சுது போ! இருந்த நெருப்பையும் அணைச்சுட்டேன்." மருதப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மையின் முகமெல்லாம் கரி. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "தண்ணிய எடுத்துக் கொட்டிடலாமா ஐயா?"

"கொட்டிட்டா ஆவிக்கு எங்கம்மா போறது? தண்ணி இருக்கணும். அது பொங்கி ஆவியாக மேல கொஞ்சம் இடம் வேணும். நான்தான் இடமே விடாம அடைச்சு வெச்சுட்டேன்."

"அப்ப இடம் விடுங்க."

பாதித் தண்ணீரை இறுத்தார். சமையல்கட்டிலிருந்து கங்கு வாரி வந்து மறுபடியும் மூட்டினார். கீழே பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது அவர் காதில் விழவே இல்லை.

குழாய் மெல்லச் சீறியது. ஆவி காற்றையும் இழுத்துக்கொண்டு கங்குக்குள் புகுந்தது. அதுவரை புகைந்துகொண்டிருந்த விறகு குப்பென்று பற்றியது. புகையும் சேர்ந்தே எரிந்தது. வெளியே நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சூட்டுக்குக் கையை நீட்டினார்கள்.

மருதப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பூங்கொடி இருந்தா இந்நேரம் கைதட்டிக் குதிச்சிருப்பா," என்றார். சொன்னதுதான் தாமதம், கண் நிறைந்து வழிந்தது.

"பாத்தீங்களாம்மா? மறுபடியும் வந்துடுச்சு. நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே. இந்த அழுகைய நான் என்னதான் பண்றது?"

அம்மை முந்தானையால் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில தியானத்துக்கு அந்தக் கதவோரம் உக்காராதீங்க ஐயா. என் பக்கத்துல வந்து உக்காருங்க. எனக்குக் குளிருது."