மெயின் சுவிட்ச் எங்கே?

கோலாலம்பூரில் வீடு தேடி அலைந்த எலக்ட்ரீஷியன் இருளப்பனுக்கு, கழுத்துச் சங்கிலி மின்ன ஒருவன் பிளாட்டைத் திறந்து காட்டினான்.

"பத்து வருஷம் நானே குடியிருந்த வீடு. முன்பணத்தோட பாஸ்போர்ட்டையும் குடுத்துடணும். இஷ்டமில்லேன்னா நடையைக் கட்டு."

இப்படித்தான் ஒருத்தனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, போலீஸ் கேட்டபோது கையை விரித்தான் இருளப்பனின் கூட்டாளி மாரிச்சாமி. இன்னும் தடுப்பு முகாமில் கிடக்கிறான்.

"தர்றேன் முதலாளி. மெயின் சுவிட்சை மட்டும் ஒருதரம் அணைச்சுக் காட்டுங்க."

அவன் அடுப்படியில் தேடினான், குளியலறையில் தேடினான். சுவிட்ச் பெட்டியோ வாசல் கதவுக்குப் பின்னால் இருந்தது.

"பத்து வருஷத்துல ஒருநாள்கூட ஃபியூஸ் போகலையா முதலாளி?"

போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கியவன் திரும்பி வரவேயில்லை.

இருளப்பனுக்கு அன்றும் பஸ் நிலையத்துப் பெஞ்சுதான் வீடு. பாஸ்போர்ட் மட்டும் சட்டைக்குள் பத்திரமாக இருந்தது.