சிவப்புக் கிடாரும் கருப்பட்டி நிறக் கிடாரும்

“டீச்சர், எதை எடுக்கட்டும்?” என்று கேட்டார் பலவேசம்.

டெல்பின் டீச்சர் பதில் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம் இருந்தது.

பலவேசம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குரு பேசாமல் இருந்தால் அதிலும் ஒரு அர்த்தம் இருக்கும் என்பது அவர் கட்சி.

சிஷ்யனுக்கு ஐம்பத்திரண்டு வயசு. குருவுக்கு முப்பத்துமூணு. அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை டீச்சர் என்பார்.

தூத்துக்குடியில் கடற்கரைக்குப் போகிற ரோட்டில், ஒரு வலைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் ஆசிரமம். மான்தோல், கமண்டலம் எல்லாம் கிடையாது. ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி, டீச்சருடைய பழைய எலெக்ட்ரிக் கிடார். அவ்வளவுதான்.

பலவேசம் உப்புக் கம்பெனியில் லாரிகளுக்கு எடை போடுகிறவர். வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவார். டீச்சருடைய கிடாரிலேயே கற்றுக்கொண்டார், அதிலேயே பழகினார். இப்படியே ரெண்டு வருஷம்.

சேர்ந்த அன்றைக்கே டீச்சர் ஒரு போடு போட்டாள்.

“மீசைய எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி. அப்பதான் சொல்லிக் கொடுப்பேன்.”

சாதாரண மீசையா அது! வாயை மூடிக்கொண்டு தொங்கும். கம்பெனியில் அவருக்கு மீசை அண்ணாச்சி என்றுதான் பேர். மனுசன் கண்ணாடி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மழித்துவிட்டார்.

வெளியே வந்தவரைப் பார்த்து அவர் பெண்டாட்டி முத்துக்கனி, “தோலுரிச்ச பனங்கிழங்கு மாதிரி இருக்கீங்க” என்றாள்.

“போடி இவளே, உனக்கென்ன தெரியும்? முதல் நாளே என் அகந்தைய எடுத்துட்டாங்க. அவங்களா டீச்சர்? ஞானி!”

அதற்கப்புறம் டீச்சர் தும்மினால்கூட அவருக்கு உபதேசம்தான்.

கம்பி சுருதி சேர்க்க, கிடாரின் தலையில் மாட்டுகிற சின்ன மிஷின் ஒன்று உண்டு. சுருதி சேர்ந்தால் பச்சை விளக்கு எரியும். “காதை நம்பாதீங்க அண்ணாச்சி, பச்சை விளக்கப் பாருங்க” என்பாள் டீச்சர். அதை அவர் பாதியாக வெட்டி, எடை போட வருகிற லாரி டிரைவர்களுக்கெல்லாம் ஓதினார். “தம்பி, காதை நம்பாதே!” அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். உப்பு லோடுக்கு எடை சரியாகப் போட்டால் போதாதா அவர்களுக்கு.

அவர் வாசிக்கும்போது டீச்சர் ஆம்ப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெட்டியை ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். அவள் பேச்சு எப்போதும் கொஞ்சம் சத்தம் கூடுதல். அதைக் குருவின் அதட்டல் என்று எடுத்துக்கொண்டார். திரும்பி நிற்கும்போது எதைக் கேட்டாலும் பதில் வராது. அதுக்குப் பேர் மௌன உபதேசம்.

“கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கிறவனுக்குப் புத்தி எங்க போச்சு?” என்றாள் முத்துக்கனி.

ஆனால் பாடம் முடிகிறபோது டீச்சர் ஒரு வார்த்தை சொல்வாள். “நல்லா வருது அண்ணாச்சி.”

அந்த வார்த்தையைத் தின்றுகொண்டுதான் மனுசன் உயிர் வாழ்ந்தார்.

சின்ன வயசிலிருந்தே கோயில் கொடை விழாவில் மேடைக்குக் கீழே நின்று, கிடார்க்காரன் காலையே பார்த்துக்கொண்டிருந்த ஆள் அவர். அப்படிப்பட்டவருக்கு இப்போது ஒரு அழைப்பு வந்திருந்தது. ஊரில் ஒரு மெல்லிசைக் குழு. அவர்களுடைய கிடார்க்காரன் துபாய்க்குப் போய்விட்டான். “சொந்தமா நல்ல கிடாரோட வாங்க, சேத்துக்கிடுதோம். ஆனா சீசன் முழுக்க எங்க கூடயே சுத்தணும்” என்றார்கள்.

உப்புக் கம்பெனி அதற்கெல்லாம் லீவு தராது. போவதானால் வேலையை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

கிடார்க் கடை ரொசாரியோ ரெண்டை எடுத்து வைத்தார். ஒன்று சிவப்பு, விலை மலிவு. இன்னொன்று கருப்பட்டி நிறம், நடுத்தர விலை.

“ஓய், சிவப்பு வீட்டுல வச்சு வாசிக்கப் போதும். முறுக்கி வச்ச கம்பி அப்பப்ப இறங்கும், ஓரம் விரலைக் கீறும், பழகிரும். கருப்பட்டி மேடை ஏறும். உமக்கு வீடா, மேடையா? அதச் சொல்லும் மொதல்ல.”

பலவேசம் முழித்தார்.

“எங்க டீச்சரக் கேட்டுச் சொல்லுதேன்.”

“அப்ப ரெண்டையும் கொண்டுபோம், நாளைக்குத் தாரும். ஆனா ஒண்ணு. பாத்துக்கிட்டே கேட்டா விலைதான் கேக்கும், சத்தம் கேக்காது. அவங்களத் திரும்பி உக்காரச் சொல்லி வாசியும். எது எதுன்னு தெரியப்படாது. அப்பதான் உண்மை வெளிய வரும்.”

அப்படித்தான் ரெண்டு பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் இடித்து இடித்து ஏறி வந்து நின்றார்.

டீச்சர் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். பைகளைப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, ரெண்டு?”

பலவேசம் இன்னொரு தடவை கேட்டார். “எதை எடுக்கட்டும் டீச்சர்?”

“உங்க கைக்கு எது தோதோ அதை எடுங்க.”

“என் கை கிடக்கட்டும். உங்க காது சொல்லணும்.”

“என் காது எதுக்கு?”

“நாளைக்கு நான் கம்பெனி வேலைய விடணுமா வேண்டாமான்னு அதுதான சொல்லப்போகுது!”

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேலைய விடப்போறீங்களா? யாரக் கேட்டு?”

“உங்களத்தான் கேக்கேன். நீங்க கருப்பட்டின்னா விட்டுருதேன். சிவப்புன்னா, பேசாம வீட்டுல வச்சு வாசிச்சுக்கிட்டு லாரிக்கு எடை போடுதேன்.”

“உங்க பிள்ளை நர்சிங் படிக்குதுல்லா? அதுக்கு ஃபீஸ் யாரு கட்டுவா?”

“மேடையில சம்பாதிச்சுக் கட்டுவேன். அதான் ரெண்டு வருஷமா நல்லா வருதுன்னு சொல்லுதீங்கல்லா?”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“வேலைய விடாதீங்க அண்ணாச்சி.”

“அப்ப நான் தேற மாட்டேனா?”

“அப்படிச் சொல்லல.”

“பின்ன?”

பதில் இல்லை. பலவேசத்துக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நாள் இனித்த மௌனம் அன்றைக்குக் கசந்தது.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நீங்க சுவரப் பாத்துத் திரும்பி உக்காருங்க. நான் ரெண்டுலயும் வாசிக்கேன். கேட்டுட்டு, எது, எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் வாயத் திறக்க மாட்டேன்.”

“அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி.”

“ஏன் வேண்டாம்?”

“வேண்டாம்னா விடுங்களேன்.”

“அப்ப நான் கருப்பட்டியவே எடுத்துக்கிடுதேன். வாரது வரட்டும். காலையில போய்ச் சொல்லிருதேன் கம்பெனியில.”

டீச்சர் அவரைப் பார்த்தாள். எப்போதும் போல அவர் வாயையே பார்த்தாள். கண் கலங்கி இருந்தது. அது எதுக்கென்று பலவேசத்துக்கு விளங்கவில்லை.

எழுந்து நாற்காலியை இழுத்தாள். சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பலவேசம் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒயரைச் சொருகினார். முதலில் சிவப்பு. டீச்சர் சொல்லிக்கொடுத்த மெட்டையே எடுத்தார். வாசிக்க வாசிக்க அவர் கண் டீச்சர் முதுகிலேயே இருந்தது. தோள் லேசாக ஏறி இறங்கியது.

அடடே, சிவப்பே பிடிச்சுப்போச்சோ?

அப்புறம் கருப்பட்டி. அதே மெட்டு. டீச்சர் கழுத்தில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

தட்டுறாங்களே! கருப்பட்டி வேண்டாம்னு அர்த்தமோ? இல்ல, வேலையத் தட்டிவிட்டுட்டு வான்னு அர்த்தமோ?

வாசித்து முடித்தார்.

“முடிஞ்சுது டீச்சர்.”

டீச்சர் அசையவில்லை.

காத்திருந்தார். கீழே வலைக்கடையில் யாரோ நைலான் கயிறுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு ஐஸ் லாரிக்காரன் ஹாரன் அடித்தான் பாருங்கள், பலவேசத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிடாரைக் கீழே போடப் போனார்.

டீச்சர் முதுகு அப்படியே இருந்தது.

யப்பா, என்ன ஒரு தியான நிலை என்றுதான் முதலில் நினைத்தார், பாவி மனுசன். அப்புறம் கிடாரை மெள்ள இறக்கி வைத்தார்.

“டீச்சர்.”

“டீச்சர்!”

“டீச்சர்ர்!”

கீழே பேரம் நின்றது. “என்னவே மேல சத்தம்?” என்று யாரோ கேட்டார்கள்.

டீச்சர் சுவரைப் பார்த்தபடியே, எப்போதும் போலச் சத்தமாகச் சொன்னாள்.

“ஆரம்பிச்சிட்டீங்களா, முடிச்சிட்டீங்களா, எனக்குத் தெரியாது அண்ணாச்சி.”

பலவேசத்தின் கை தன்னால் மேலுதட்டுக்குப் போனது. அங்கே மழித்த இடம் சொரசொரவென்று இருந்தது.

எழுந்து போய் அவள் முன்னால் நின்றார்.

“மீசை…” என்றார்.

“உதடு தெரியல.”

“அகந்தைன்னுல்லா ஊரு பூரா சொன்னேன்.”

டீச்சர் சிரிக்கப் போனாள். வரவில்லை.

“ஒரு காய்ச்சல்ல ஒரு காது போச்சு. இன்னொண்ணு மெள்ள மெள்ளப் போச்சு. நீங்க வந்து சேரும்போதே ரெண்டும் இல்ல. வெளிய தெரிஞ்சா, படிக்கிற பிள்ளைங்க நாளைக்கே நின்னுரும். எனக்கு வேற சோறு கிடையாது அண்ணாச்சி.”

“நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

“தெரியும்.”

பலவேசம் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் உட்கார்ந்தபடியே அவர் பக்கம் திரும்பினாள். பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. அழுகையும் கூடவே வந்தது. ஐம்பத்திரண்டு வயசு ஆம்பிளை, துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு வருஷம் டீச்சர்! நல்லா வருது, நல்லா வருதுன்னு… எதக் கேட்டுச் சொன்னீங்க?”

“விரலப் பாத்துச் சொன்னேன். விரல் நல்லாத்தான் வந்துச்சு. அதுல பொய் இல்ல.”

“சத்தம்?”

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை கேள்வி அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

“அத நீங்க கேட்டுக்கிட்டு இருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

வெயில் இறங்கிவிட்டது. அறைக்குள் இருட்ட ஆரம்பித்ததும் டீச்சர் எழுந்து லைட்டைப் போட்டாள். எப்போதும் அப்படித்தான், கொஞ்சம் இருட்டினாலும் போட்டுவிடுவாள். அது ஏன் என்பதும் இப்போது பலவேசத்துக்குத் தெரிந்தது.

ஆம்ப் பெட்டி இன்னும் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. ஒயர் கருப்பட்டிக் கிடாரில் இருந்தது. சிவப்பு சுவரில் சாய்ந்திருந்தது. டீச்சர் குனிந்து சிவப்பைத் தொட்டாள், அப்புறம் கருப்பட்டியைத் தொட்டாள்.

“இப்ப ரெண்டுலயும் வாசிச்சீங்கல்லா?”

“வாசிச்சேன்.”

“முழுசாவா?”

“முழுசாத்தான்.”

“நான் கேக்கல. நீங்க கேட்டீங்கல்லா?”

நாற்காலியை அவருக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க அண்ணாச்சி. எது நல்லா இருந்துச்சு?”

பலவேசம் வாயைத் திறந்தார். டீச்சர் முதுகு ஞாபகம் வந்தது. தோள் ஏறி இறங்கியது ஞாபகம் வந்தது, ஈ ஞாபகம் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

டீச்சர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.