கம்பளிக்குள் படுத்த குழாய்

மலை மேலே, உறைபனி விழுகிற ஒரு ஊரில், சுகிர்தம் டீச்சர் வீட்டு வேலைக்கு மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். பூவலிங்கம், அவர் தம்பி வேலாண்டி, மைத்துனன் குழந்தைச்சாமி. குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுவழி நடக்கிற வறண்ட சீமைக்காரர்கள். குளிரென்றால் என்னவென்று தெரியாது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். வினையே அங்கேதான்.

மறுநாள் டீச்சர் மகளுக்கு நிச்சயதார்த்தம். போன குளிர்காலத்தில் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், குழாய் உறைந்துபோய் ஒரு வாய் காப்பிகூடக் கிடைக்காமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனது, போனது போனதுதான். இந்த இடமும் கைநழுவிவிடுமோ என்று டீச்சருக்குப் பயம்.

மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரக் கீழே கிளம்பும்போது சொன்னார்: "குழாய் உறையக் கூடாது. நல்லா போர்த்தி விடுங்க. ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டா விழுந்துக்கிட்டே இருக்கணும். மேசை மேல சம்பந்திக்கு வாங்கின சால்வை இருக்கு, அதைத் தொடாதீங்க."

தொடவில்லை. நல்ல பிள்ளைகள். சாக்கை எடுத்து, வெளியே சுவரோரக் குழாயில் சுற்றினார்கள்.

"சாக்கைப் போர்த்திக்கிட்டு நீ படுப்பியா?" என்றார் பூவலிங்கம் தம்பியிடம்.

"மாட்டேன்."

"அப்ப அது மட்டும் எப்படிப் படுக்கும்?"

இருந்த ஒரே பெரிய கம்பளியைக் கொண்டுவந்தார்கள். வேலாண்டிக்குச் சந்தேகம் வந்தது. "கம்பளியை அதுக்குக் கொடுத்துட்டா நமக்கு?"

"அதுகூடவே படுத்துக்குவோம்."

"வெளியிலயா? விறைச்சுப் போவோமே."

மூன்று பேரும் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்கள். கடைசியில் குழந்தைச்சாமி சொன்னான்: "அப்ப அதை உள்ளே கூட்டிட்டு வந்துடலாம் மச்சான்."

இவ்வளவு புத்தியை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தானோ. ஸ்பேனரை எடுத்துக் குழாயைக் கழற்றினார்கள். தொட்டித் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. தண்ணீரை வீணாக்கினால் அவர்களுக்கு நெஞ்சு தாங்காது. விருந்துக்கு அடுக்கியிருந்த அண்டா, குடம், சருவம், பால்சட்டி வரைக்கும் பிடித்து வாசலில் வரிசையாக வைத்தார்கள். தொட்டி காலி. ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

குழாயைக் கம்பளிக்குள் நடுவில் படுக்க வைத்துத் தலைமாட்டில் குல்லாவும் மாட்டினார்கள்.

"சொட்டணும்னு சொன்னாங்களே அண்ணே" என்றான் வேலாண்டி.

அதற்கென்ன? ஒருவன் மேல்பக்கம் கரண்டியால் தண்ணீர் விட்டான். இன்னொருவன் கீழ்ப்பக்கம் சொட்டியதைக் கிண்ணத்தில் பிடித்து மறுபடி மேலே கொடுத்தான். அதே ஒரு கிண்ணத் தண்ணீர் விடிகிற வரைக்கும் சொட்டிக்கொண்டேயிருந்தது.

காலையில் வேன் வந்து நின்றது. டீச்சர் கால் கீழே படுமுன்பே, "குழாய்?" என்றார்.

"சௌக்கியமா இருக்கு டீச்சர். தொட்டுப் பாருங்க, கதகதன்னு இருக்கும்" என்று பூவலிங்கம் கம்பளியை விலக்கிக் காட்டினார்.

டீச்சர் கழற்றின குழாயைத் தூக்கிப் பார்த்தார். "தண்ணி எங்கே?"

வாசலைக் காட்டினார்கள். வேலாண்டி ஒரு குடத்தைக் கவிழ்த்தான். எதுவும் விழவில்லை. தட்டினான். டொக்கென்றது. அண்டாவும் அப்படியே.

"குழாய் உறையக் கூடாதுன்னுதானே சொன்னீங்க. தண்ணியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார் பூவலிங்கம் பணிவாக.

சம்பந்தி வேன் பக்கம் திரும்பிப் பார்த்தார். டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. மரியாதையாவது செய்து ஆளை நிறுத்திவைப்போம் என்று உள்ளே ஓடி, சால்வையை எடுத்துவந்து பூவலிங்கத்தின் கையில் திணித்தார். "முதல்ல இதைப் போர்த்தி விடுங்க. சீக்கிரம்."

பூவலிங்கம் சுற்றிலும் பார்த்தார். சம்பந்தி ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் போட்டிருந்தார். பாவம், அண்டாதான் ஒன்றுமில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. நேரே போய், இரண்டு கையாலும் சால்வையை விரித்து அண்டாவுக்குப் போர்த்திக் கும்பிட்டார்.

சம்பந்தி அண்டாவையும் கும்பிட்ட கையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த வீட்டைவிட்டு வேற எங்கேயும் பொண்ணெடுக்க மாட்டேன் டீச்சர்" என்று அவரே முதலில் கைதட்ட, வேனில் வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள்.

உள்ளேயிருந்து குழந்தைச்சாமி ஓடிவந்து வாயில் விரலை வைத்தான்.

"மெதுவாத் தட்டுங்க. குழாய் இப்பத்தான் கண்ணசந்திருக்கு."