பதில் சொன்னவரின் நாடி

“என் மருந்து கேக்க மாட்டேங்குதும்மா” என்றார் சுடலைமுத்து.

பொதிகை மலையடிவாரத்தில், வைத்தியர் பகவதியிடம் சித்த வைத்தியம் படிக்க வந்தவர் அவர். குருவைவிட வயதில் மூத்த சீடர்.

“யாருக்குக் கொடுத்தீங்க, அண்ணாச்சி?”

“உலகம்மாளுக்கு. பசியில்ல, சோர்வுன்னாங்க. பசிக்குக் கொடுத்தேன். நாளுக்கு நாள் வெளிறிப்போகுது அந்தப் பிள்ளை. இன்னைக்கு வண்டியில படுக்கவச்சுக் கொண்டாந்திருக்காங்க.”



பகவதி எழுந்து போனார். கட்டிலில் உலகம்மாள் கண்மூடிக் கிடந்தாள். பக்கத்தில் கணவன் தளவாய், கலங்கிய முகத்தோடு.

“உனக்கு என்னம்மா செய்யுது?”

“சோறு இறங்கல” என்றான் தளவாய்.

“தலை சுத்துதா?”

“அதெல்லாம் இல்லம்மா” என்று அதற்கும் பதில் சொன்னது தளவாய்தான்.

பகவதி சட்டென்று அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினான்.

“எனக்கு ஒண்ணுமில்லையேம்மா!”

“நீங்கதானே பதில் சொன்னீங்க?”



பகவதி ஆண்கள் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.  உள்ளே முதலில் மெல்லிய விசும்பல். பிறகு பேச்சு.

கதவு திறந்தது.

“பிள்ளை பெத்ததிலிருந்து உதிரப்போக்கு நிக்கல.”

“என்கிட்டகூடச் சொல்லலையே” என்றான் தளவாய்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றார் சுடலைமுத்து.

“கேட்டீங்களா?”

“தளவாய்கிட்ட கேட்டேன். கூட வந்த ஆம்பளைகிட்ட கேக்குறதுதானே நம்ம வைத்தியசாலை வழக்கம்?”



“இன்னையோட அது போச்சு” என்றார் பகவதி.

மருந்து மாறியது. பொழுது சாய்வதற்குள் உதிரம் மட்டுப்பட்டது. சுடலைமுத்து அதன்பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

அடுத்த மாதம் உலகம்மாள் தன் காலாலேயே நடந்து வந்தாள், பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு. முகத்தில் களை திரும்பியிருந்தது.

“எப்படி இருக்கு, தாயி?” என்று சுடலைமுத்து அவளிடம் கேட்டார்.

கூட வந்த தளவாய் பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

உலகம்மாள் சொன்னாள். இடுப்பு வலியைச் சொன்னாள். வராத தூக்கத்தைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய தலைவலியைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் செருமினார்கள்.

சுடலைமுத்து திரும்பிக் குருவைப் பார்த்தார்.

“எத்தனை வருசம் உள்ளுக்குள்ளயே வச்சிருந்தாளோ” என்றார் பகவதி. “நல்லா உக்காந்து கேளுங்க, அண்ணாச்சி.”