ஊதினால் மூடும் வால்வு

இருட்டின பிறகு பட்டறைக்குள் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று, யாரோ பல்லிடுக்கில் மூச்சை விட்டு ரகசியமாகக் கூப்பிடுகிற மாதிரி.

ஜெசிந்தா கையிலிருந்த பால் பாட்டிலைக் கீழே வைத்தாள். நேராகப் பின்பக்கத் தகரக் கதவுக்குப் போய், அதை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தாள்.

"எங்கீங்க்கா போறீங்க?" என்றாள் மயிலாத்தாள். இன்ஜின் ஓடியபடி நின்ற பழைய சிவப்புக் காரின் பானெட்டுக்குள்ளிருந்து அவள் தலையை எடுக்கவில்லை.

"அவர் வந்துட்டார் போல மாஸ்டர். கூப்பிடுறார்."

"கதவு கூப்பிடலீங்க. வண்டிதான் கூப்பிடுது. இங்க வாங்க."

பொள்ளாச்சி ரோட்டில் அந்தப் பட்டறை மயிலாத்தாளுடையது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போ வைத்த பழைய வண்டி எது மக்கர் பண்ணினாலும் அவளிடம்தான் வரும். வயதில் அவள் ஜெசிந்தாவுக்கு இளையவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்றாள், சிஷ்யை குருவை மாஸ்டர் என்றாள். வந்து போகிறவர்கள் சிரித்தார்கள். இவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

ஜெசிந்தா கைக்குழந்தையோடு கணவனை விட்டு வந்து, பட்டறையின் பின்னறையில் தங்கி வேலை கற்றுக்கொண்டிருந்தாள். கணவன் லியோ நினைத்தபோது வருவான். முதலில் செல்லமாகக் கூப்பிடுவான், பிறகு கத்துவான். கத்தல் ஏறியதும் அவள் திறந்துவிடுவாள். உள்ளே வந்து எதையாவது உடைத்துவிட்டுப் போவான். கடைசியாக வந்தபோது, "அடுத்த தடவை புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அந்தப் பின்பக்கத் தகரக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. தகரம் நெளிந்து வெளியே புடைத்துக்கொண்டு நின்றதால், உள்தாழ்ப்பாள் அதன் துளைக்கு நேராக வராது. கயிறுதான் காவல்.

மயிலாத்தாள் ஒரு முழம் ரப்பர் ஹோஸை நீட்டினாள். "ஒரு முனையக் காதுல வைங்க. இன்னொரு முனையால தேடுங்க."

ஜெசிந்தா குனிந்து தேடினாள். ஓரிடத்தில் அந்த ஸ்ஸ்ஸ் காதுக்குள் சீறியது. துள்ளி விலகினாள்.

"பாம்பு இல்லீங்க்கா, ஓட்டை. எங்க போற ஹோஸு அது?"

"பிரேக்குக்குப் போற ஹோஸ் மாஸ்டர். வெடிச்சிருக்கு."

"எல்லாமே அந்த வயசுதான். எல்லாத்தையும் கழட்டிப் புதுசு மாட்டுங்க. வண்டிக்காரர் குடும்பத்தோட வால்பாறை போறார். கொண்டை ஊசி வளைவு. பிரேக்கு உங்க கையில."

"என் கையிலயா?"

"எனக்கு ரெண்டு கைதானுங்க. அதுல ஒண்ணுல டீ."

இன்ஜினுக்குள் கறுப்பு ஹோஸ்கள் இடியாப்பம் பிழிந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஜெசிந்தா கான்வென்டில் படித்தவள். பலகையில் இருப்பதை ஒரு புள்ளி மாறாமல் எழுதி, சிஸ்டர்களிடம் பேர் வாங்கியவள். ஒவ்வொரு ஹோஸின் முனையிலும், அது செருகியிருந்த குழாய் மூக்கிலும் நகச்சாயத்தால் அடையாளம் வைத்தாள். சிவப்புக்குச் சிவப்பு, ரோஸுக்கு ரோஸ். பழையதை எடுத்து அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி, அதே இடத்தில் செருகினாள். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்தது.

மயிலாத்தாள் டார்ச் அடித்துப் பார்த்தாள். "தேரு மாதிரி ஜோடிச்சிருக்கீங்க."

"இருந்தபடியே மாட்டிட்டேன் மாஸ்டர். ஒண்ணுகூட மாறல."

"இருந்தது சரின்னு யாருங்க்கா சொன்னாங்க?"

ஜெசிந்தா குனிந்து ஹோஸ்களை மறுபடி பார்த்தாள்.

"ஏறுங்க. ஓட்டிப் பாக்கலாம்."

தோப்புக்குப் பின்னால் போகும் காலி ரோட்டில் ஜெசிந்தா ஓட்டினாள். மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டர்போ விசிலடித்தது, வண்டி சீறிப் பாய்ந்தது. "பிடிங்க" என்றாள் மயிலாத்தாள். ஜெசிந்தா பிரேக்கை மிதித்தாள். பெடல் கல்லாக நின்றது. அவள் எழுந்து நிற்கிற மாதிரி அழுத்தியும், வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், வாய்க்கால் ஓரத்தில்தான் நின்றது.

ஜெசிந்தா இறங்கி, வாய்க்கால் விளிம்பில் நின்ற முன் சக்கரத்தைப் பார்த்தாள்.

"நான்தான் எதையோ கெடுத்துட்டேன்" என்றாள் ஜெசிந்தா.

"நீங்க கெடுக்கல. முன்னாடி கெடுத்தத அப்படியே காப்பாத்தியிருக்கீங்க. இன்ஜின் சும்மா ஓடுறப்ப காத்த உறிஞ்சுது. அந்த உறிஞ்சல்தான் பிரேக்குக்குப் பலம். டர்போ ஏறுனா, அதே ஹோஸு வழியாக் காத்து திரும்பி அடிக்குது. சேத்து வச்ச பலம் போயிருது. நடுவுல ஒரு சாமான் இருக்கணும். எவனோ அதத் தூக்கிப் போட்டுட்டு நேரா ஹோஸு மாட்டியிருக்கான்."

ஜெசிந்தா வண்டியைப் பட்டறைக்கு மெதுவாக ஓட்டி வந்தாள். வண்டியை நிறுத்திய பிறகு கேட்டாள்.

"மாஸ்டர், அது டர்போ. அத்தனை வேகமா, கத்திக்கிட்டு வருது. அதை எதிர்த்து நிக்கணும்னா எவ்வளவு பலம் வேணும்?"

மயிலாத்தாள் பிஸ்கட் டின்னைக் கிளறி, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் வால்வு ஒன்றை எடுத்தாள். துணியில் துடைத்துக் கொடுத்தாள்.

"ஊதுங்க."

ஊதினாள். போகவில்லை.

"என்னங்க, பாயசத்த ஆத்துற மாதிரி ஊதுறீங்க. கோவமா ஊதுங்க."

ஜெசிந்தாவுக்குக் கன்னம் உப்பி, கண்ணில் நீர் வந்தது. இம்மிகூடப் போகவில்லை.

"திருப்பி வச்சு ஊதுங்க."

குழந்தை தூங்கும்போது விடுகிற மூச்சளவு ஊதினாள். தாராளமாகப் போனது.

"உள்ள என்னங்க இருக்குது?"

ஜெசிந்தா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இத்தனூண்டு ரப்பர் மாஸ்டர். பாப்பா நகம் அளவு."

"அதுக்குப் பலம் இருக்குதுங்களா?"

"இல்ல."

"அப்புறம் யாருங்க மூடுனது?"

ஜெசிந்தா வால்வை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "நான் ஊதுன காத்தேதான்."

"போய் மாட்டுங்க. எந்தப் பக்கம்னு நான் சொல்ல மாட்டேன்" என்று மயிலாத்தாள் டீ வாங்கப் போய்விட்டாள்.

ஜெசிந்தா மறுபடி வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். பிரேக் ஹோஸை நடுவில் வெட்டி, வால்வைச் செருகி, கிளிப் போட்டாள். இன்ஜினை ஓட்டி நிறுத்தினாள். டீ வந்தது. குடித்து முடித்த பிறகு, இன்ஜின் ஓடாத வண்டியின் பெடலை மிதித்தாள். மெத்தென்று இறங்கியது; சேர்த்து வைத்த பலம் அப்படியே இருந்தது.

மறுபடி ரோட்டுக்குப் போனார்கள். டர்போ விசிலடித்தது. மிதித்தாள். வண்டி அவள் நினைத்த இடத்தில், வாய்க்காலுக்கு வெகுதூரம் முன்பே, தலை குனிந்து நின்றது.

ஜெசிந்தா இறங்கி, பானெட்டின் மேல் கை வைத்து, இடுப்பில் ஒரு கை வைத்து நின்றாள். படம் எடுக்க யாரும் இல்லை. இருந்தாலும் அப்படித்தான் நின்றாள்.

"என்னங்க்கா, வண்டிய வாங்கிட்டீங்களா?"

"வண்டி அவருது மாஸ்டர். பிரேக்கு என்னுது."

அவர்கள் திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. ஜெசிந்தா பின்னறையில் குழந்தையைத் தூங்க வைத்தாள். மயிலாத்தாள் சோப்புத்தூளும் மரத்தூளும் கலந்து கை கழுவிக்கொண்டிருந்தாள்.

தகரக் கதவு தட்டப்பட்டது.

"ஜெசி... ஜெசிக்குட்டி... நான்தான்மா. பாப்பாவப் பாக்கணும் போல இருக்கு."

ஜெசிந்தாவின் கை தானாகக் கயிற்றுக்குப் போனது.

"உள்ளதான் இருக்கேன்னு தெரியும். லைட்டு எரியுது. தெற."

குழந்தை புரண்டது.

"ஏய்! பெரிய மெக்கானிக் ஆயிட்டியோ? ஊரக் கூட்டட்டுமா?"

ஜெசிந்தா திரும்பி மயிலாத்தாளைப் பார்த்தாள். குரலை இறக்கிக் கேட்டாள். "திறக்கலைன்னா இன்னும் கத்துவார் மாஸ்டர். என்ன செய்யட்டும்?"

மயிலாத்தாள் ஈரக் கையைத் துடைத்தாள்.

"வால்வ எந்தப் பக்கம் மாட்டுனீங்க?"

"சரியான பக்கம்."

"என்னையக் கேட்டா மாட்டுனீங்க?"

"இல்ல."

"அப்புறம் இதுக்கு மட்டும் ஏனுங்க்கா?"

வெளியே லியோ, "புள்ளையக் குடுடி!" என்று கத்தி, கதவில் தோளால் இடித்தான். வெளியே புடைத்திருந்த தகரம் உள்வாங்கிச் சட்டத்தோடு படிந்தது. மறுபடி இடித்து, அப்படியே முழு பலத்தோடு சாய்ந்து தள்ளினான். தாழ்ப்பாளும் துளையும் நேருக்கு நேர் வந்து நின்றதை ஜெசிந்தா முதல் தடவையாகப் பார்த்தாள்.

கயிற்றை விட்டாள். ஹோஸின் கறுப்பு இன்னும் போகாத விரல்களால் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது துளைக்குள் கடைசி வரை போனது.