தேன் கரடியும் முள்ளெலியின் பங்கும்

ஒரு மலைக்காட்டில் கரடி ஒன்று தேன் எடுக்கும் தொழில் நடத்தி வந்தது. அணில்கள் மரமேறி அடையை அறுக்கும். முள்ளம்பன்றிகளும் மற்ற சிறு பிராணிகளும் கீழே குடுக்கைகளைச் சுமக்கும். சாயங்காலம் எல்லாருக்கும் தொன்னையில் தேன் கிடைக்கும்.

கரடிக்குக் குரல் பெரிது; மனசு அதைவிடப் பெரிது. யாருக்காவது காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கத் துணைக்குப் படுத்திருக்கும். அதன் குறட்டையில் நோயாளியின் தூக்கம் கெடும் என்பது வேறு விஷயம்!

ஒரு நாள் காட்டுத் தலைவியான யானை அறிவித்தது: "ஆள் வச்சு வேலை வாங்குறவங்க எல்லாரும் மழைக்கு முன்னாடி குளக்கரைக்கு வரணும். எந்த இனத்துக்கு எவ்வளவு பங்கு போகுதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்!"

"இதென்ன பிரமாதம்! என்கிட்ட ஒரே வேலைக்கு ஒரே பங்குதான்!" என்று கரடி மார்தட்டியது.

கரடிக்கு யோசனை சொல்லும் நரி அதன் காதோரம் வந்தது. "இனம் பிரிச்சுப் பார்த்தா வம்பு முதலாளி. எல்லாரும் என் பிள்ளைங்கதான்னு சொல்லிட்டு உட்கார்ந்துடுங்க. கைதட்டுவாங்க!"

கரடிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் யானை முன்னால் உளறக் கூடாதே! ஒரு சாயங்காலம் எல்லாரையும் தொன்னையோடு வரவழைத்து, தானே இனம் பிரித்து நிறுத்தியது.

"அணில்கள் இந்தப் பக்கம். முள்ளம்பன்றிகள் அந்தப் பக்கம். ஏ குட்டி முள்ளம்பன்றி, உங்கம்மா பக்கத்துல போய் நில்லு!"

அந்தச் சின்ன உருவம் நகரவில்லை. "நான் முள்ளம்பன்றி இல்ல முதலாளி, முள்ளெலி. எனக்கே மூணு குட்டி இருக்கு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கரடியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலையே! நானா சொன்னா, முள்ளெலிக்கு என்ன தெரியும்னு அனுப்பிடுவீங்களோன்னு பயம்."

"யாரையும் அனுப்ப மாட்டேன். பங்கு சரியாப் போகுதான்னு பார்க்கத்தான் கேக்கறேன். சொல்ல இஷ்டமில்லாதவங்க சொல்லவும் வேண்டாம். இனி நான் பிரிக்கல, நீங்களே பிரிஞ்சு நில்லுங்க."

பிராணிகள் தயங்கித் தயங்கி நின்றன. பெருச்சாளிக் குஞ்சு என்று கரடி நினைத்திருந்த ஒன்று மூஞ்சூறாக இருந்தது! பிறகு கரடி தொன்னைகளைப் பார்த்தது. அணில்களின் தொன்னைகள் தளும்பின. முள்ளெலியின் தொன்னையில் அடி மட்டும் நனைந்திருந்தது.

ஒரே வேலைக்கு ஒரே பங்கு என்பது உண்மைதான். ஆனால் பங்கு அதிகமான வேலையெல்லாம் அணில்களிடமே இருந்தது. மரமேறுவதாவது சரி, அது அணில்களால்தான் முடியும். தேன் பதமாகிவிட்டதா என்று மோந்து பார்ப்பது தரையில் நடக்கும் வேலை. அதற்குக்கூடக் கரடி வேறு யாரையும் கூப்பிட்டதில்லை. ஏன் என்று யோசித்தது. ஒரு காரணமும் அகப்படவில்லை.

"இந்தப் பங்குல குட்டிங்க வயிறு நிறையல முதலாளி. பக்கத்துக் காட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன்" என்றது முள்ளெலி.

குளக்கரைக் கூட்டத்தில் முதலில் ஓநாய் முதலாளி எழுந்தது. "எங்ககிட்ட எல்லாரும் சமம்!" ஒரே கைதட்டல். அடுத்தது கரடியின் முறை. நரி கண்ணடித்தது.

"கீழே சுமக்கிற முள்ளம்பன்றி, முள்ளெலி, மூஞ்சூறு எல்லாருக்கும் என்கிட்ட பங்கு குறைவு" என்றது கரடி. "அவங்க மேல தப்பில்ல. நல்ல வேலைக்கு நான்தான் கூப்பிடல. நாளையிலிருந்து மோந்து பார்க்கிற வேலைக்கு யார் வேணும்னாலும் வரலாம். யாருக்கு மூக்கு நல்லா இருக்கோ அவங்களுக்கு வேலை!"

ஒருவரும் கைதட்டவில்லை. நரி தலையில் அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை முள்ளெலி குட்டிகளோடு வந்தது. அதன் பின்னால், ஓநாயிடம் வேலை பார்த்த கீரிகள் வேலை கேட்டு வரிசையாக நின்றன. கரடி அவற்றைக் கவனிக்கவே இல்லை.

"சொல்லிட்டுப் போக வந்தியாம்மா?" என்று முள்ளெலியிடம் கேட்டது.

"எங்க பேரை எல்லார் முன்னாடியும் சொன்னீங்க, சந்தோஷம். ஆனா அது குட்டிங்க வயித்துக்கு ஆகாது முதலாளி. அந்தக் குடுக்கையை இப்படித் தள்ளுங்க, மோந்து பார்க்கணும்!"

எல்லாரும் எனக்குச் சமம் என்று சொல்லிவிடுவது எளிது. யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று கேட்டுப் பார்த்து, குறையை ஒப்புக்கொண்டு திருத்துகிறவரே நல்ல முதலாளி.